வாடை வீசும் மாலைக்குப் பனங்கட்டியும் வேர்க்கொம்பும் சேர்ந்த சூடான பானம்

வன்னியில் ஏது குளிர் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வைகாசியிலோ ஆடியிலோ இங்கு வந்து வெயிலில் வெந்து திரும்பியவர்களாக இருப்பார்கள். பெருமழை ஓய்ந்து, குளங்கள் நிரம்பி, காலபோக நெல் பச்சையாக நிமிர்ந்து நிற்கும் மார்கழி, தை மாதங்களில், நீர்ப்பரப்பைத் தடவிக்கொண்டு வருகின்ற வாடைக்காற்று மாலை ஆறு மணிக்கே கதவை இழுத்துச் சாத்த வைத்துவிடும். வெப்பமானி 20 பாகையை ஒட்டி நிற்கும்போது, ஐரோப்பாவிலிருந்து விடுமுறையில் வந்த உறவினர் அரைக்கைச் சட்டையோடு முற்றத்தில் உலாவலாம். ஈரம் ஊறிய சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் இரவைக் கழிப்பவருக்கு அந்த 20 பாகையே போதிய குளிர். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நகர்ந்துகொண்டிருந்த நாள்களில், வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் குளிரில் விறைத்து இறந்ததை இங்கு மாடு வளர்க்கும் எவரும் மறந்திருக்க மாட்டார். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்ததை நான் மிகைப்படுத்தல் என்று நினைப்பதில்லை.

அப்படிப்பட்ட மாலையில் ஆறு பேர் சுற்றியிருந்து குடிப்பதற்கான ஒரு சூடான கொக்ரெயிலை எப்படிக் காய்ச்சுவது என்பதையே இங்கு எழுதுகிறேன். மேற்கு நாடுகளில் இத்தகைய பானங்கள் பல உண்டு. ஜேர்மனியில் சிவப்பு வைனைக் கறுவா, கராம்பு, தோடம்பழத் தோல் ஆகியவற்றோடு சூடாக்கிக் குளூவைன் என்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் விஸ்கி, வெந்நீர், தேன் ஆகியவை சேர்ந்ததை ஹொட் டொடி என்கிறார்கள். இந்த டொடி என்ற சொல், பனங்கள்ளைக் குறிக்கும் தாடி என்ற வட இந்தியச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதாகும். பனையின் பெயர் கப்பலேறிப் போய் விஸ்கிக் கோப்பைக்குள் விழுந்திருக்கிறது என்றால், பனங்கட்டியில் இந்தப் பானத்தைக் காய்ச்சுவதற்கு நாம் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பானத்தின் சுவை முழுவதும், பனங்கட்டியும் சரக்கும் சேர்த்துக் காய்ச்சி வடிக்கும் அடிநீரில்தான் இருக்கிறது; சாராயம் கடைசியில், அடுப்பை விட்டு இறக்கிய பிறகு, அவரவர் பேணியில் தனியாகச் சேர்க்கப்படுவது. சாராயம் இல்லாமலே குடிக்கக்கூடியதாக அடிநீர் அமைந்தால் மட்டுமே சாராயத்தோடும் அது நன்றாக இருக்கும். அத்துடன், ஒரே பானையிலிருந்து அம்மம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கும், விரும்பிய பெரியவர்களுக்கு வேறொரு பங்கும் எடுத்துக்கொள்ள முடிவது நமது வீடுகளில் சிறிய வசதியன்று.

அடிநீரின் முதற்பொருள் பனங்கட்டி. பனங்கட்டி காய்ச்சுவதற்கான கருப்பநீரை, அதாவது புளிக்காத பதநீரை, இறக்கும் பருவம் தை, மாசிக்குப் பிறகே சூடு பிடிப்பதால், மார்கழியில் நமக்குக் கிடைப்பது கடந்த பருவத்தில் காய்ச்சிய கட்டியாகும். பனையோலைக் குட்டானில் இருக்கும் அந்தக் கட்டி, மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். குட்டானின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் ஒட்டினாலும் கட்டி நெகிழாமல் இருந்தால் பயன்படுத்தலாம், அடியில் பாகு தேங்கிப் புளித்த வாசம் வந்தால் அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். நல்ல கட்டியை உடைத்தால் உடைந்த முகம் கருமை கலந்த செம்மண் நிறத்தில், சிறு மணிகளாக மினுங்கும். சீனியைப் போட்டால் இனிப்பு மட்டும் வரும். பனங்கட்டியில் இனிப்போடு இலேசான புகை வாசமும், நாக்கின் ஓரத்தில் தங்கும் ஓர் உப்புச் சாயலும் உண்டு. சீனி வன்னிக்கு வராத பொருளாதாரத் தடைக் காலத்தில், பனங்கட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு வெறும் தேநீரைக் குடித்த தலைமுறைக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பனங்கட்டி நீரிழிவுக்குக் கெடுதியில்லை என்று சிலர் நம்புவது தவறு. அதிலும் பெரும்பகுதி சர்க்கரையே.

கருப்பநீர் புளிக்காதிருக்க முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசப்படுவதாலும், காய்ச்சும் இடம் பெரும்பாலும் திறந்த வெளி என்பதாலும், கட்டியில் சுண்ணாம்பு வண்டலும் தும்பும் மணலும் இருப்பது வழமை. எனவே 100 கிராம் பனங்கட்டியை நொறுக்கி, ஒரு பேணி வெந்நீரில் கரைத்து, பத்து நிமிடம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் மெல்லிய துணியில் வடித்தெடுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பலால் விட்டவர்களின் பானத்தில் கடைசி மிடறு பல்லில் நறநறக்கும்.

அடுத்தது சரக்கு. கறுவா நம் நாட்டுத் தென்கரையில் விளைவது. காகிதத்தைப் போன்ற மெல்லிய பட்டைகள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், விரலால் அழுத்தினால் நொறுங்கும். தடித்த ஒற்றைச் சுருளாக, மரத்துண்டைப் போலக் கடினமாக இருப்பது வேறு இனம். அதன் காரம் முரடானது. மிளகும் கராம்பும் சாதிக்காயும் கண்டி, மாத்தளைப் பக்கத்திலிருந்து வருகின்றன. நமது வாசலைத் தாண்டிப் போகும் ஏ9 வீதி கண்டியில் தொடங்கி மாத்தளை வழியாகவே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வருகிறது என்பதால், இச்சரக்குகள் ஒரே வீதியால் நம்மிடம் வந்து சேர்கின்றன என்று சொல்லலாம். 2006 ஓகஸ்டில் அந்த வீதி மூடப்பட்ட பிறகு, கராம்பை எண்ணி வாங்கிய காலமும் இருந்தது. அப்போது கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) மட்டும் போட்டுக் காய்ச்சினோம். அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, கொத்தமல்லி இல்லாத சூடான பானம் எனக்கு இன்றைக்கும் அரைகுறையாகவே தோன்றுகிறது. மேற்கத்தியச் செய்முறைகளில் கொத்தமல்லியைக் காண்பது அரிது. இங்கு அதை விட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து.

ஆறு பேருக்கான அளவு இது. விரல் நீளக் கறுவாச் சுருள் இரண்டு, கராம்பு ஆறு, மிளகு பன்னிரண்டு, ஏலக்காய் ஐந்து, கட்டைவிரலின் மேற்கணு அளவிலான வேர்க்கொம்பு ஒன்று, கொத்தமல்லி ஒரு மேசைக்கரண்டி, சாதிக்காய்த் துருவல் இரு சிட்டிகை, ஒரு தோடம்பழத்தின் தோல், ஒரு தேசிக்காய், தண்ணீர் ஒரு லீற்றர். வேர்க்கொம்புக்குப் பதிலாகப் பச்சை இஞ்சியைப் போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. போடலாம், ஆனால் இஞ்சி காயும்போது அதன் காரப்பொருள் மாற்றமடைந்து கூடுதல் உறைப்புடையதாகிறது. பச்சை இஞ்சியின் காரம் நாக்கின் நுனியில் சுள்ளென்று தொட்டு மறையும், வேர்க்கொம்பின் காரமோ தொண்டையில் இறங்கி நெஞ்சில் நிற்கும். குளிருக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

வேர்க்கொம்பை அம்மியிலோ சிறு உரலிலோ வைத்துத் தட்டுங்கள். தூளாக்க வேண்டாம், நார் பிரிந்து நான்கைந்து துண்டுகளானால் போதும். தூள் வடியிலும் துணியிலும் நிற்காமல் பானத்தில் இறங்கிக் கலங்கலாக்கிவிடும். மிளகையும் அவ்வாறே ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளக்கும் அளவுக்கு மட்டும் தட்டுங்கள். கொத்தமல்லியை வெறுஞ்சட்டியில் இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிறகு ஒரு பச்சை வாசம் எழும், அது மாறித் தோடம்பழத் தோலை நினைவூட்டும் ஒரு மணம் வரும், இரண்டொரு மல்லி வெடித்துத் துள்ளும். அந்தக் கணத்தில் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டால் அது கறிச்சரக்கின் வாசமாகிவிடும். பிறகு கோப்பையில் குழம்புதான் மணக்கும். கறுவாவையும் கராம்பையும் வறுக்கத் தேவையில்லை.

தோடம்பழத் தோலைச் சீவும்போது வெளிப்புற நிறத்தோலை மட்டும் எடுத்து, உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதியை விட்டுவிட வேண்டும், ஏனெனில் கசப்பு முழுவதும் அந்த வெள்ளையில் இருக்கிறது. நம்மூர்ச் சந்தையில் கிடைக்கும் பச்சைத் தோடம்பழம் இதற்கு மிகவும் ஏற்றது.

இனி அடுப்பு. எவர்சில்வர்ப் பாத்திரம் ஒன்றையோ மண்சட்டியையோ எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியச் சட்டியும், ஈயம் பூசாத பித்தளையும் புளிப்புள்ள பானத்துக்கு ஆகா; மூக்குப்பேணியில் பரிமாறினால் பார்வைக்கு அழகாயிருக்கும் என்று எண்ணி, தேசிக்காய்ச் சாறு விட்ட பானத்தைப் பழைய பித்தளைப் பேணியில் ஊற்றி வைக்காதீர்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் கறுவா, மிளகு, வேர்க்கொம்பு, கொத்தமல்லி ஆகியவற்றைப் போட்டுக் கொதிக்க வைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி போட்டு இருபது நிமிடம் விடுங்கள். விறகடுப்பானால் கொள்ளிகளை வெளியே இழுத்துத் தணலில் வைப்பது சரியான சூடு. பத்தாவது நிமிடத்தில் கராம்பைச் சேருங்கள். தொடக்கத்திலேயே போட்டால் அது மற்ற எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு, பல் வைத்தியரின் அறையை நினைவூட்டும். வடித்து வைத்த பனங்கட்டிக் கரைசலைப் பதினைந்தாவது நிமிடத்தில் ஊற்றுங்கள். அடுப்பை அணைக்கும்போது தட்டிய ஏலக்காயையும் சாதிக்காயையும் தோடம்பழத் தோலையும் போட்டு உடனே மூடிவிடுங்கள். இவற்றின் மணம் ஆவியோடு பறந்துவிடும் தன்மையுடையது என்பதால் கொதியில் போட்டால் மணம் குசினிக்குப் போகும், கோப்பைக்கு வராது.

மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விட்டு, பிறகு வடியுங்கள். அடிநீர் ஏறக்குறைய 900 மில்லிலீற்றர் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் வெந்நீர் விட்டு அளவாக்கலாம். இப்போது ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். அதுவே ஒரு முழுமையான பானமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இனிப்பு மேலோங்கி நின்றால் தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி விடுங்கள். அப்போதும் தட்டையாக இருந்தால் உப்பு ஒரு துளி சேருங்கள். உப்பைக் கண்டு தயங்க வேண்டாம், அது இனிப்பைத் தூக்கிக் கொடுக்கும். சாறு விட்ட பிறகு மீண்டும் கொதிக்க வைத்தால் கசப்பு ஏறும்.

சாராயத்தை எப்போது சேர்ப்பது என்பதில் எனக்குக் கிடைத்த பாடம் சிறிது சூடானது. முதன்முறை காய்ச்சியபோது, விறகடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டிக்குள் கால் போத்தல் சாராயத்தை நேரடியாகக் கவிழ்த்தேன். மதுசாரம் ஏறத்தாழ 78 பாகையிலேயே கொதிக்கக்கூடியது; நீரின் கொதியில் விழுந்ததும் அதன் ஆவி சட்டியின் விளிம்பைத் தாண்டி வழிந்து தணலைத் தொட்டது. நீல நிறத்தில் ஒரு சுவாலை சட்டியைச் சுற்றி ஓடி, என் வலக்கை மயிரைப் பொசுக்கிவிட்டு அணைந்தது. மிஞ்சிய பானத்தில் மூக்கை எரிக்கும் ஒரு நெடியைத் தவிரச் சாராயத்தின் நற்சுவை எதுவும் இருக்கவில்லை. பக்கத்திலிருந்த பெரியப்பா ஒரு வார்த்தையும் சொல்லாமல் தன் பேணியை வாழையடியில் ஊற்றினார். அன்றிலிருந்து சாராயப் போத்தலை அடுப்பிலிருந்து நான்கு முழத்துக்கு அப்பால்தான் திறக்கிறேன்.

ஆகவே முறை இதுதான். பேணிகளையோ தடித்த கண்ணாடிக் கிளாசுகளையோ முதலில் வெந்நீரால் அலசிச் சூடாக்குங்கள். குளிர்ந்த கண்ணாடியில் சூடான பானத்தை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கலாம், வெடிக்காவிட்டாலும் பானம் ஆறிவிடும். ஒவ்வொன்றிலும் 30 மில்லிலீற்றர் சாராயத்தை அளந்து விட்டு, அதன்மேல் 150 மில்லிலீற்றர் அடிநீரை ஊற்றுங்கள். அடிநீர் கொதிநிலையில் இல்லாமல், ஆவி மெல்ல எழும் சூட்டில் இருக்க வேண்டும்; பேணியைத் துணியில்லாமல் பிடிக்க முடிந்து, ஆனால் நீண்ட நேரம் பிடிக்க முடியாமல் இருப்பது சரியான பதம். கடைகளில் கிடைக்கும் சாராயத்தின் மதுசார வீதம் பொதுவாக 33க்கும் 40க்கும் இடையில் இருப்பதால், 36 வீதச் சாராயம் 30 மில்லிலீற்றர் விட்டால், 180 மில்லிலீற்றர்ப் பானத்தில் மதுசாரம் ஏறத்தாழ 6 வீதமாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி குளூவைனில் குறைந்தது 7 வீதமாவது இருக்க வேண்டும் என்பதை ஒப்பிட்டால், இது அதைவிடச் சற்று மென்மையானது. அளவுப் பாத்திரம் இல்லாதவர் இரண்டு மேசைக்கரண்டி என்று கொள்ளலாம். கண் மதிப்பில் ஊற்றுபவரின் கை இரண்டாவது சுற்றில் தாராளமாகிவிடும் என்பதால், நான் எப்போதும் அளந்தே ஊற்றுகிறேன்.

எந்தச் சாராயம் என்பது அவரவர் விருப்பம். தென்னஞ்சாராயம் மசாலாவுக்குள் அடங்கிப் போகும். வடமராட்சித் திக்கம் வடிசாலையின் பெயரோடு சேர்த்து நாம் அறிந்த பனஞ்சாராயம் தன் வாசத்தை முன்னே நிறுத்தும். பனங்கட்டியும் பனஞ்சாராயமும் ஒரே மரத்தின் பிள்ளைகள் என்பதால் அவை ஒத்துப்போகும் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் இரண்டும் போட்டி போடுகின்றன. பனஞ்சாராயம் எடுப்பவர் கராம்பை நான்காகக் குறைத்து, தேசிக்காயைச் சிறிது கூட்டிக்கொள்வது நல்லது. இறக்குமதியான ரம்மும் பொருந்தும், ஆனால் அதற்குக் கொடுக்கும் பணத்துக்கு இங்கு அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கசிப்பை மட்டும் எக்காரணத்தாலும் தொடாதீர்கள். அது சட்டவிரோதமானது என்பதோடு, அதில் மெதனோல் கலந்திருந்தால் கண் பார்வையும் உயிரும் போகக்கூடும். சூடாக்கினால் நஞ்சு போய்விடும் என்பது வெறும் கதை.

மதுசாரம் உடலைச் சூடாக்குவதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அது தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் சூடு ஏறியது போன்ற உணர்வு வருகிறது, ஆனால் அதே வழியாக உடலின் வெப்பம் வெளியேறிவிடுகிறது. ஆகவே இது வீட்டுக்குள் இருந்து, போர்வையோடு குடிக்க வேண்டிய பானமே தவிர, குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வாடைக்குள் போவதற்கானதன்று. இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்பது சட்டப்படி குற்றமாகும். கருவுற்ற பெண்களும், மருந்து மாத்திரை எடுப்பவர்களும், குடியை நிறுத்த முயல்பவர்களும் அடிநீரை மட்டும் குடிக்கட்டும்; அவர்களுடைய பேணியில் ஒரு துண்டு தோடம்பழத் தோலைக் கூடுதலாகப் பிழிந்துவிட்டால் எந்தக் குறையும் தெரியாது. போருக்குப் பிறகு எத்தனையோ வீடுகள் குடியால் உலைந்து போனதைப் பார்த்தவர்கள் நாம். மறுத்தவரை இரண்டாம் முறை வற்புறுத்துவது விருந்தோம்பலாகாது.

வயல் காவலுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. பன்றியும் யானையும் இறங்கும் காலபோக இரவுகளில் காவற்கொட்டிலில் விழித்திருப்பவருக்குத் தெளிவான தலையும் விரைவான காலும் வேண்டும். அவருடைய பிளாஸ்க்கில் சாராயம் போகக் கூடாது. வடித்த அடிநீரைக் கொதிக்கக் கொதிக்க எடுத்து, ஒரு தேக்கரண்டி தேயிலைத் தூளை அதில் மூன்று நிமிடம் ஊற வைத்து, மீண்டும் வடித்துப் பிளாஸ்க்கில் நிரப்பிக் கொடுங்கள். தேசிக்காய்ச் சாற்றை அதில் விடாமல், பாதி வெட்டிய காயாகக் கையில் கொடுத்துவிடுவது நல்லது, ஏனெனில் சாறு பல மணி நேரம் சூட்டில் கிடந்தால் பானம் கைக்கத் தொடங்கும். பனங்கட்டியைக் கூட்டத் தேவையில்லை. விடியப்புறம் குடிக்கும்போது அது தானாகவே இனிப்புக் கூடியதாகத் தோன்றும்.

சாராயம் சேராத அடிநீர் மிஞ்சினால் ஆறவிட்டுக் கண்ணாடிப் போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வைத்திருக்கலாம். மறுபடி சூடாக்கும்போது கொதிக்க விடாமல் ஆவி எழுந்ததும் இறக்குங்கள். மண்டியில் நிற்கும் சரக்கையும் எறிந்துவிட வேண்டாம். அரை லீற்றர் தண்ணீர் விட்டு மறுநாள் காலையில் இன்னொரு முறை காய்ச்சினால், சற்று மெலிந்த ஆனால் தொண்டைக்கு இதமான ஒரு கசாயம் கிடைக்கும். அதன் பிறகு கறுவாச் சுருள்களை மட்டும் பொறுக்கி, அடுப்பங்கரையில் காய வைத்து, மாலையில் சாம்பிராணித் தட்டின் தணலில் ஒன்றை நொறுக்கிப் போடுங்கள்.